அந்த ஹார்ட் டிஸ்க்கை இன்றைக்கே கழற்றி வையுங்கள்

கேள்வி: சார், கொருக்குப்பேட்டையில் எங்களுடையது தரைத்தள வீடு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பதினான்கு கடைகளுக்கு வீட்டிலிருந்தே டாலி மென்பொருளில் கணக்கு எழுதித் தருகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சிபியுவைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக் காப்பாற்றிவிட்டோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பழைய லேப்டாப் மூழ்கிவிட்டது. மறைந்த என் கணவரின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மறுபடி அப்படி ஆகக்கூடாது என்று என் மகன் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் அதில் காப்பி செய்து, சிபியுவில் சொருகியபடியே வைத்திருக்கிறேன். இது போதுமா? கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, பழைய வருடக் கணக்குகளை டிஸ்க்கில் மட்டும் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமா? 1 டிபி என்று வாங்கினால் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது, ஏமாந்துவிட்டோமா? பழைய லேப்டாப்பின் டிஸ்க்கை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து எதையாவது எடுக்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதுதான் உங்கள் மனதில் முதலில் இருப்பது என்று தெரிகிறது, அதனால் அவசரப்பட்டு எழுத விரும்பவில்லை. அதுவரை ஒன்று மட்டும்: பரணில் இருக்கும் அந்த டிஸ்க்கை யார் கேட்டாலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் சொருகிப் பார்க்க விடாதீர்கள்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் ஏமாறவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதையே ஆயிரம் ஆயிரமாக வகுக்காமல் 1024, 1024 ஆக வகுத்துக் காட்டுகிறது. அப்படி வகுத்தால் 931தான் வரும். ஒரு பைட்கூடக் குறையவில்லை. உங்கள் டிஸ்க் சரியான டிஸ்க்தான்.

இனி முக்கியமான விஷயம். சொருகியபடியே வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும், இன்றைக்கே, அதைக் கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டரோடு எப்போதும் ஒட்டியிருக்கும் டிஸ்க்குக்குக் கம்ப்யூட்டருக்கு வருவதெல்லாம் வரும். மின்சாரம் போய்த் திடீரென்று ஏறி வந்தால் இரண்டுக்கும் அடி. தண்ணீர் வந்தால் இரண்டும் நனையும். திருடன் தூக்கினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்குவான்.

இவற்றைவிடக் கணக்கு எழுதுகிறவர்கள் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது: பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் வைரஸ், ரேன்சம்வேர் என்பார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ஒன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆபீஸ்களையும் முடக்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். இந்த வகை வைரஸ் சி டிரைவோடு நிற்காது. டி, இ, எஃப் என்று எழுத்து வைத்து எந்த டிரைவ் தெரிந்தாலும் உள்ளே போய்ப் பூட்டும். ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரில் வந்த மெயிலை ஒருவர் திறந்தால் போதும், டாலியில் உள்ள கடைக் கணக்குகள் எல்லாம் போய்விடும், பக்கத்தில் சொருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். அப்படி வந்த இரண்டு பேரை, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் கடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. மேசை இழுப்பறைக்குள் கழற்றிக் கிடக்கும் டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது.

ஆகவே டிஸ்க்கைச் சொருகுவது பேக்கப் எடுக்கிற அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும். வேலை முடிந்ததும் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள யூஎஸ்பி படத்தைக் கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். எடுக்கலாம் என்று செய்தி வந்த பிறகு வயரைக் கழற்றுங்கள். கழற்றியதும் உடனே தூக்காதீர்கள். உள்ளே நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றிக்கொண்டிருந்த தட்டு நிற்கச் சில நொடிகள் ஆகும். கையை மேலே வைத்துப் பார்த்தால் அந்த மெல்லிய அதிர்வு அடங்குவது தெரியும். அடங்கியதும் எடுங்கள்.

அடுத்தது, அழித்துவிடலாமா என்ற கேள்வி. வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எங்களிடம் வரும் கேஸ்களில் மனதைப் பிசைவது இதுதான். கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர், கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று மூன்று வருடத்துப் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். ‘எல்லாம் பேக்கப்பில் இருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேத்தி வயர் தடுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. மேசையின் உயரம் இரண்டரை அடிதான். பிஸ்கட் டப்பாவுக்குள் துணி சுற்றி என்னிடம் கொண்டு வந்தார். சொருகியதும் டிக், டிக், டிக் என்று சீரான சத்தம். படிக்கிற முனை தட்டில் இடம் தேடித் தேடித் திரும்புகிற சத்தம் அது. அந்த முனைக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஓடும்போது விழுந்தால் முனை தட்டைக் கீறிவிடும். அவருடைய படங்களில் பாதிகூட மீளவில்லை.

அவரிடம் இருந்தது பேக்கப் அல்ல. ஒரே ஒரு காப்பி, அது வேறு பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு ஃபைல் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், அந்த இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது. அப்போதுதான் அதற்கு பேக்கப் என்று பெயர்.

உங்கள் தொழிலில் இன்னொரு காரணமும் உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டனின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம்தான் வந்து நிற்பார். ஆகவே பழைய வருடங்களும் இரண்டு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கும் அவற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. டாலி கணக்கு அதிகம் இடம் பிடிக்காது. சி டிரைவ் முழுக்க நிரம்பியிருந்தால்தான் பிரச்சினை. அப்படி இருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பலருக்கு அங்கேயே இருபது முப்பது ஜிபி தேவையில்லாமல் கிடக்கும். கம்ப்யூட்டருக்குள் இன்னும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) போட்டாலே வேகம் மாறிவிடும்.

சரி, இப்போது உங்கள் டிஸ்க்கை முறையாக அமைப்போம்.

முதலில் எங்கே சொருகுவது. சிபியுவின் முன்பக்க யூஎஸ்பியில் சொருகாதீர்கள். பல பெட்டிகளில் அதற்குப் போகும் உள்வயர் மட்டமாக இருக்கும், டிஸ்க்குக்குப் போதுமான மின்சாரம் போகாது. பின்பக்கம் பாருங்கள், உள்ளே நீலமாக இருக்கும் துளைகள் யூஎஸ்பி 3. அதில் சொருகுங்கள். கறுப்பில் சொருகினாலும் ஓடும், ஆனால் நொடிக்குச் சுமார் 30 எம்பிதான் போகும். உங்களுடையது எல்லாம் சேர்த்து 180 ஜிபி என்று வைத்துக்கொண்டால் ஒன்றே முக்கால் மணி நேரம். நீலத்தில் அரை மணி நேரம், போட்டோ மாதிரிச் சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தால் கூடுதலாக ஆகும். டிஸ்க் பக்கத்து முனை பட்டையாக, நடுவில் ஒரு பிளவோடு இருந்தால் கொஞ்சம் பதமாகக் கையாளுங்கள். முதலில் ஆடிப்போவது அந்த இடம்தான். வயர் தொங்கி இழுக்காதபடி டிஸ்க்கை மேசை மேல் தட்டையாக வைத்து ஓட்டுங்கள், சிபியு பெட்டியின் தலையில் வைக்காதீர்கள்.

டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) என்ற இடத்தில் என்டிஎஃப்எஸ் என்று இருந்தால் அப்படியே விடுங்கள். எக்ஸ்ஃபேட் என்று இருந்தால் ஒருமுறை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்வது நல்லது. ஃபார்மேட் செய்தால் அதில் உள்ளது எல்லாம் அழியும். ஆகவே நீங்கள் காப்பி செய்தவற்றின் அசல் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்த பிறகே கை வையுங்கள். அதிலேயே ‘பேக்கப் 1’ என்று பெயர் கொடுங்கள். டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள், பெயரும் தொடங்கிய தேதியும் இருக்கட்டும்.

விண்டோஸிலேயே பேக்கப் வசதி இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தேடும் இடத்தில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்று அடியுங்கள், கண்ட்ரோல் பேனலில் அந்தப் பக்கம் திறக்கும். உங்கள் டிஸ்க்கைக் காட்டும். ‘டர்ன் ஆன்’ கொடுங்கள். அதன் பிறகு டிஸ்க்கைச் சொருகும்போதெல்லாம் ‘ரன் நவ்’ கொடுத்தால், கடந்த முறைக்குப் பிறகு மாறிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய வடிவத்தை அழிக்காமல் வைத்துக்கொள்வது. செவ்வாய்க்கிழமை எக்செல்லில் ஒரு நெடுவரிசையைத் தெரியாமல் அழித்துச் சேவ் செய்துவிட்டீர்கள், வெள்ளிக்கிழமைதான் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே காப்பி செய்து பழையதன் மேல் போட்டிருந்தால் டிஸ்க்கிலும் அழிந்த ஃபைல்தான் இருக்கும். ஃபைல் ஹிஸ்டரியில் திங்கட்கிழமை வடிவமும் இருக்கும்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே விழுந்திருக்கிறேன்.

2017இல் என் கடைக் கம்ப்யூட்டரில் ஃபைல் ஹிஸ்டரி போட்டிருந்தேன். எட்டு மாதம் தினமும் ஓடியது, ஒரு பிழைச் செய்தி இல்லை. ஒரு நாள் உள்ளே இருந்த டிஸ்க் போனது. பதறவில்லை, பேக்கப் இருக்கிறதே. திறந்தேன். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்று ஃபோல்டர்கள் ஒழுங்காக இருந்தன. கஸ்டமர் ரிஜிஸ்டரைக் காணோம். யார் என்ன கொடுத்தார்கள், எவ்வளவு முன்பணம், எதற்கு வாரண்டி என்று பதினொரு வருடக் கணக்கு அது. நான் அதை டி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஃபைல் ஹிஸ்டரி கம்ப்யூட்டர் முழுவதையும் எடுப்பதில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போன்ற லைப்ரரி ஃபோல்டர்களை மட்டும்தான் எடுக்கும். நான் அதை யோசிக்கவே இல்லை. அந்த வருடம் முழுக்க வாரண்டி கேட்டு வந்தவர்கள் சொன்னதை அப்படியே நம்பி வேலை செய்து கொடுத்தேன்.

உங்களுக்கும் அதே பள்ளம் காத்திருக்கிறது. டாலிபிரைம் வழக்கமாகத் தன் கணக்கை வைப்பது சி டிரைவில், யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில். உள்ளே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு கடை. ஃபைல் ஹிஸ்டரி அந்தப் பக்கமே போகாது. அந்த டேட்டா ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’, பிறகு ‘இன்க்லூட் இன் லைப்ரரி’ கொடுத்து ஒரு புதிய லைப்ரரியாகச் சேருங்கள். அதன் பிறகுதான் அது பேக்கப்பில் வரும். உங்கள் டாலியை வேறு யாராவது நிறுவிக் கொடுத்திருந்தால் இடம் மாறியிருக்கலாம். டாலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் எந்தப் பாதை என்று காட்டும், பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டாலி திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரைக் காப்பி செய்யாதீர்கள். பாதி எழுதிய நிலையில் ஃபைல் போய்ச் சேர்ந்தால் திறக்கும்போது மக்கர் செய்யும். டாலியை மூடிவிட்டுப் பிறகு பேக்கப்.

இதோடு டாலியின் சொந்த பேக்கப்பையும் எடுங்கள். ஆல்ட்டோடு ஒய் அழுத்தினால் டேட்டா மெனு, அதில் பேக்கப். எங்கே என்று கேட்கும்போது டிஸ்க்கில் அன்றைய தேதியிட்ட ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஃபோல்டர். ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டே இருந்தால் புதியது பழையதன் மேல் ஏறிவிடலாம். மாதா மாதம் 20ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி மாத ரிட்டனைப் போட்டு முடிக்கிறீர்கள் அல்லவா, மறுநாள் காலை அதற்கான நாளாக இருக்கட்டும். தாக்கல் செய்த கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஒரு நகல் கையில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் ‘அந்த மாதம் இந்த பில் போட்டீர்களா’ என்று கேட்டால் தடுமாற வேண்டியதில்லை.

இப்போது நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கும் விஷயம். எடுத்த பேக்கப்பிலிருந்து ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நான் அந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் ஐந்து நிமிடம் இதைச் செய்திருந்தால் என் ரிஜிஸ்டர் பிழைத்திருக்கும். டிஸ்க்கை மகனின் லேப்டாப்பில் சொருகுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இல்லாமல் போன நாளைத்தான் ஒத்திகை பார்க்கிறோம், ஆகவே வேறு கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் சரி. ஃபைல் ஹிஸ்டரி என்ற ஃபோல்டர் இருக்கும், உள்ளே போய்க்கொண்டே இருந்தால் உங்கள் எக்செல் ஃபைல் தெரியும். பெயருக்குப் பின்னால் வருடம், மாதம், நாள், மணி எல்லாம் நீளமாக ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். திறங்கள். கடைசி வரியில் நேற்று நீங்கள் போட்ட தொகை இருக்கிறதா? போட்டோ ஒன்றைத் திறங்கள், முழுதாக வருகிறதா?

டாலி பேக்கப்பையும் ‘ரெஸ்டோர்’ செய்து பாருங்கள், ஆனால் இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எந்த இடத்துக்கு ரெஸ்டோர் என்று கேட்கும்போது வழக்கமான டேட்டா ஃபோல்டரைக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும். ‘சோதனை’ என்று தனி ஃபோல்டர் போட்டு அங்கே இறக்குங்கள். ஒரு கடையின் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து, கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒத்துப்போனால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. அதுவரை உங்களிடம் இருப்பது ஒரு டிஸ்க் மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

இனி எங்கே வைப்பது. நம் பக்கத்துக்கு இதுதான் முக்கியம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் என்று தரைத்தளத்தில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் என்பது கற்பனை இல்லை. 2015இல் பார்த்தோம், 2023இல் பார்த்தோம். மேசை இழுப்பறை அன்றாடத்துக்குச் சரி. ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் டிஸ்க் உங்கள் தோள் உயரத்துக்கு மேல்தான் இருக்க வேண்டும். பீரோவின் மேல்தட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டு, எது வசதியோ அது. விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள், புது செருப்போடும் ஹேண்ட்பேக்கோடும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அடிக்கிற உப்புக் காற்றுக்கு யூஎஸ்பி முனையின் பித்தளை எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

அப்படி வைத்தாலும் ஒரே வீட்டில் இரண்டு காப்பி என்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. முடிகிறபோது இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்குங்கள், இதே அளவு போதும். வாங்கும்போது பில்லும் வாரண்டியும் உள்ள கடையில் வாங்குங்கள். நம்பவே முடியாத விலைக்கு 8 டிபி, 16 டிபி என்று விற்பவை பெரும்பாலும் உள்ளே சின்ன மெமரி சிப் வைத்து, பெரிய அளவு காட்டும்படி ஏமாற்றியவை. காப்பி ஆகும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டாவது டிஸ்க்கில் ஃபைல் ஹிஸ்டரி வேண்டாம். ஃபைல் ஹிஸ்டரி ஒரு சமயத்தில் ஒரு டிஸ்க்கைத்தான் பார்க்கும், மாற்றி மாற்றிக் குழப்ப வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, அந்த 21ஆம் தேதி, டாலி ஃபோல்டரையும் டாக்குமெண்ட்ஸையும் போட்டோக்களையும் தேதியிட்ட ஒரு ஃபோல்டருக்குள் நேராகக் காப்பி செய்யுங்கள். இடம் தீரும்போது பழைய மாதங்களில் ஒன்றிரண்டை நீக்கிக்கொள்ளலாம். பிறகு அது உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. பெரம்பூரிலோ அயனாவரத்திலோ மாடி வீட்டில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று உங்களால் அங்கே போக முடியாமல் போகலாம், பரவாயில்லை. நீங்கள் போக முடியாவிட்டாலும் டிஸ்க் நனையாமல் இருக்கும்.

வெளியே கொடுக்கிறோம் என்றால் பூட்டும் வேண்டும். உங்களைப் போல் கணக்கு எழுதுகிற பலரிடம் ஓர் எக்செல் ஃபைல் இருக்கும்: எல்லாக் கடைக்காரர்களின் ஜிஎஸ்டி யூசர் ஐடி, பாஸ்வேர்டு, பான் எண். அது உங்கள் சொத்து அல்ல, பதினான்கு பேர் உங்களை நம்பிக் கொடுத்தது. எக்செல்லில் ஃபைல், இன்ஃபோ, ‘புரொடெக்ட் ஒர்க்புக்’ போய் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ கொடுங்கள். டாலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் டாலிவால்ட் பாஸ்வேர்டு போடலாம். உங்கள் விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால் பிட்லாக்கர் கொண்டு டிஸ்க் முழுவதையுமே பூட்டிவிடலாம். பூட்டும்போது 48 இலக்கம் கொண்ட ஒரு மீட்பு எண் தரும், அதை பிரிண்ட் எடுத்து வையுங்கள். இந்தப் பாஸ்வேர்டுகள் எல்லாம் மறந்தால் மறந்ததுதான், என்னாலும் திறக்க முடியாது, யாராலும் முடியாது. ஒரு நோட்டில் கையால் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். டிஸ்க்கோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கூகுள் டிரைவ் போதாதா என்று மகன் கேட்பான். இலவசமாக 15 ஜிபி கிடைக்கிறது, மெயிலும் போட்டோவும் அதிலேயே பங்கு கேட்கும். பாஸ்வேர்டு போட்ட டாலி பேக்கப்புகளை அங்கேயும் ஏற்றி வைப்பது நல்லதே. ஆனால் கம்ப்யூட்டரோடு தானாக இணைந்து ஓடும்படி வைத்தால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. நான்கைந்து வருடம் ஆனதும், நன்றாக ஓடினாலும், அதை ஓய்வில் வைத்துவிட்டுப் புதியது வாங்கச் சொல்வேன். நடுவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று வந்தால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். டிக் டிக் சத்தம் வந்தால் வேறு துளையிலும் வேறு வயரிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், மின்சாரம் பற்றாமலும் அப்படி வரும். அப்போதும் நிற்கவில்லை என்றால் உடனே கழற்றிவிடுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே சேதம் கூடும்.

மழை நாளில் தண்ணீர் தெருவைத் தொடும்போதே கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பேக்கப் பையை முதலில் கையில் எடுங்கள். சிபியு நனைந்தாலும் வேறு வாங்கலாம். கடைக்காரர்களின் கணக்கு அந்தச் சின்னப் பைக்குள் இருக்கும்.

இப்போது பரணில் இருக்கும் டிஸ்க்.

நீங்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது. மின்சாரம் கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிட நல்லது. ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காற்றழுத்தம் சமமாக ஒரு பொடித்துளை விட்டிருப்பார்கள், பக்கத்திலேயே இதை மூடாதே என்று எழுதியிருக்கும். தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. காய்ந்த பிறகு சேறும் உப்பும் தட்டின் மேல் படிந்துவிடும். அந்த நிலையில் ஒருமுறை சுழற்றினால் முனை அந்தப் படிவில் மோதித் தட்டைக் கீறும். தட்டில் இருக்கும் காந்தப் பதிவைத் தண்ணீர் அழிப்பதில்லை. கீறல்தான் அழிக்கும். ஆகவே இன்னும் வாய்ப்பு இருக்கிறது. இத்தனை நாள் ஆனதால் துரு ஏறியிருக்கலாம், நிச்சயம் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

வெயிலில் காய வைப்பது, அரிசியில் புதைப்பது, திறந்து துடைப்பது எதுவும் வேண்டாம். என்னைப் போன்ற பழுது பார்க்கும் கடையிலும் கொடுக்காதீர்கள். எங்களிடம் தூசியில்லாத அறை கிடையாது. அப்படிப்பட்ட அறை வைத்து டேட்டா ரெகவரி மட்டுமே செய்கிறவர்களிடம் போங்கள். தண்ணீரில் மூழ்கியது, அதன் பிறகு மின்சாரமே கொடுக்கவில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுத்துக் கொடுக்க எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். மலிவான வேலை அல்ல, மகனோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் அதிகம் தள்ளிப்போடாதீர்கள், நாளாக ஆகத் துரு கூடும்.

அதற்கு நடுவில் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணவரின் அண்ணன் தம்பிகள், வேலை பார்த்த இடத்து நண்பர்கள், கல்யாணம் காதுகுத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் இருக்கும் படம் ஒன்றாவது போனில் இருக்கும். ஒவ்வொருவரையும் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய தேதிகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், படத்தின் தரம் குறையாமல் வரும். வருகிறவற்றைப் பிக்சர்ஸ் ஃபோல்டரில் அவர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டுச் சேருங்கள். பேக்கப் 1இல் முதலில் திறந்து சரிபார்க்க வேண்டிய ஃபோல்டர் அதுவாக இருக்கட்டும்.